ஒரு நாளைக்கு ஓர் ஊர் போதும்

வசந்த காலத்தில் நெதர்லாந்து போகிறவர்கள் ஒரே நாளில் மூன்று ஊர்களைப் பார்க்க ஓடுகிறார்கள். நானும் அம்மாவை அப்படித்தான் இழுத்துச் சென்றேன். இரண்டாம் நாளே அவர் முழங்கால் வீங்கிவிட்டது.

மூன்றாம் நாள் திட்டத்தை மாற்றினோம். காலை 9 மணிக்கு மேல், அலுவலகக் கூட்டம் குறைந்ததும் லெய்டனில் ரயில் ஏறினோம். ஹார்லெம் போக ஏறக்குறைய 20 நிமிடம்தான். ஏப்ரல் நடுப்பகுதி, தண்டவாளத்தை ஒட்டித் துலிப் வயல்கள். அம்மா ஜன்னலைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. ஹார்லெம் சதுக்கத்தில் வெயில் காய்ந்தபடி காப்பி குடித்தோம், பழைய தேவாலயத்தைப் பார்த்தோம், திரும்பினோம்.

நம் எம்ஆர்டி போலவே அங்கும் வங்கி அட்டையைத் தட்டி ரயிலேறலாம். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். இறங்கியதும் தட்ட மறக்காதீர்கள்.

அம்மா இன்றும் பேசுவது அந்த மூன்றாம் நாளைப் பற்றித்தான்.