தாடி ஓணானின் தட்டு



"எங்கள் வீட்டுத் தாடி ஓணானுக்கு என்ன சாப்பாடு போடலாம்?" இந்த மாதம் வந்த கடிதங்களில் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப இருந்தது. சிட்னியில் நம் பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்கிறார்கள். நாமும் மாநில அரசின் உரிமம் எடுத்து வாங்கிக் கொடுக்கிறோம். ஊரில் வேலியோரம் பார்த்த ஓணானின் குடும்பம்தான் இதுவும் என்பதாலோ என்னவோ, சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறது.

இதற்கான பதிலை நான் வருத்தப்பட்டுத்தான் கற்றேன். போன டிசம்பரில் தங்கை குடும்பம் ஊருக்குப் போனபோது, அவள் மகளின் ஓணான் முத்து ஐந்து வாரம் எங்கள் வீட்டில் இருந்தான். கூடத்தில் நான் நடந்தாலே கண்ணாடியருகே ஓடி வந்து தலையைச் சாய்த்துப் பார்ப்பான். பிள்ளைக்குப் பசிக்கிறதே என்று மனசு கேட்காது. நாலு புழு எடுத்துப் போடுவேன். 'கீரைதான் முக்கியம், பூச்சி வாரத்துக்கு இரண்டு தடவை' என்று தங்கை எழுதி வைத்திருந்தாள். புழு கிடைத்த பிறகு அவன் கீரையைத் திரும்பியும் பார்க்கவில்லை.

திரும்பி வந்தவள் அவனைத் தூக்கியதுமே, "அக்கா, என்ன இப்படிக் கனக்கிறான்?" என்றாள். மறுநாள் மருத்துவரிடம் போனோம். உடம்பெல்லாம் கொழுப்பு, இப்படியே போனால் ஈரல் கெடும் என்றார். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில், அடுத்த இரை எப்போது என்று தெரியாமல் வாழ்ந்து பழகிய உயிர் இது. கண்ணில் பட்டதை விடாது. நான் பசி என்று நினைத்தது பசியே இல்லை.

குட்டிக்கு மட்டும் கணக்கு வேறு. வளரும் வயதில் சாப்பாட்டில் பெரும்பங்கு பூச்சியாக இருக்கலாம். ஏறக்குறைய ஒரு வயது தாண்டியதும் அது தலைகீழாகி, பத்தில் ஏழெட்டுப் பங்கு இலையும் காயுமாக வேண்டும். எண்டைவ், பாக் சோய், துருவிய பட்டர்நட் பூசணி, மருந்து படாத செம்பருத்திப் பூ எல்லாம் நல்லவை. பாலக்கும் சில்வர்பீட்டும் நமக்குச் சத்து என்பதால் அதற்கும் அள்ளிப் போடாதீர்கள். அவற்றிலுள்ள ஆக்சலேட், சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. பழம் எப்போதாவது ஒரு துண்டு போதும். அவகாடோவும் மின்மினிப் பூச்சியும் கூடவே கூடாது. ஒரே ஒரு மின்மினி போதும், உயிர் போய்விடும்.

சுண்ணாம்புச் சத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாஸ்பரஸைப் போல் இரண்டு மடங்கு கால்சியம் இதற்குத் தேவை. பிள்ளைகள் கிரிக்கெட் என்று சொல்லும் சில்வண்டிலோ பாஸ்பரஸ்தான் பல மடங்கு அதிகம். அதனால் பூச்சிக்கு முந்தின நாளே கேரட்டும் கீரையும் தின்னக் கொடுத்து, கால்சியம் பொடியில் புரட்டிப் போடுங்கள். ஓணானின் இரு கண்களுக்கு நடுவிலுள்ள அகலத்தைவிடப் பெரிய பூச்சி வேண்டாம். இவ்வளவு செய்தும் புற ஊதா விளக்கு சரியில்லையென்றால் அந்தக் கால்சியம் எலும்பில் சேராது. தாடை மெத்தென்றாகி, கால் வளைந்துபோன குட்டிகளை அந்த மருத்துவமனையில் பார்த்தேன். பார்க்கச் சகிக்கவில்லை. விளக்கு எரிகிறதே என்று இருந்துவிடாதீர்கள். வெளிச்சம் குறையாமலே புற ஊதாக் கதிர் குறைந்துவிடும். தயாரிப்பாளர் சொன்ன காலத்தில் குழலை மாற்றிவிடுங்கள். சன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலும் இதற்கு ஈடாகாது.

இன்னொன்று, குளிர்ந்த உடம்பில் இதற்குச் செரிக்காது. காலையில் நன்றாகச் சூடு காய்ந்த பிறகு தட்டை வையுங்கள். விளக்கணைக்கும் நேரத்தில் பூச்சி போடாதீர்கள்.

முத்து இளைக்க ஏழு மாதம் ஆனது. இப்போது பூசணித் துருவலைத் தேடித் தின்கிறான். வருகிற விடுமுறைக்கும் எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறான். கொல்லையில் செம்பருத்தி மொட்டு விட்டிருக்கிறது. இந்த வருஷம் அதற்கு மருந்தே அடிக்கவில்லை.

அன்புடன்,
ஆசிரியர்