பாமினியில் வந்த கடைசித் தேதி

எங்க தோட்டத்துல சிக்னல் கிடைக்கிற இடம் ரெண்டே ரெண்டுதான். ஒன்று கோயில் மேடு, இன்னொன்று பழைய ஸ்டோருக்குப் பின்னால இருக்கிற றப்பர் மலை. போன மே மாத மழையில், கோயில் மேட்டில் குடையைப் பிடித்துக்கொண்டு சித்தி மகள் ஃபோனோடு போராடிக்கொண்டிருந்தாள். பயிற்சி நெறி ஒன்றுக்கான அறிவித்தல். எந்த அலுவலகம் என்பதை விட்டுவிடுவோம். பக்கம் பாதி வரைக்கும் வந்து நிற்கும், வட்டம் சுற்றும், டேட்டா கார்ட் கரையும். "அண்ணே, ஒங்க மெசின்ல ஒருக்கா பாருங்களேன்" என்று லயத்துக்கு வந்துவிட்டாள்.

என் 'மெசின்' ஒரு அலுவலகம் கழித்துப்போட்ட மடிக்கணினி. 2 ஜிபி நினைவகம். அதில் பயர்பொக்ஸைத் திறந்தால், தேத்தண்ணி போட்டுக் குடித்துவிட்டு வரலாம். அதனால் நான் டபிள்யூ-த்ரீ-எம் என்ற எழுத்து உலாவியைத்தான் பாவிக்கிறேன். படம் இல்லை, விளம்பரம் இல்லை, எழுத்து மட்டும். அவளுடைய ஃபோனைக் கோயில் மேட்டுப் பக்கமாக ஜன்னலில் வைத்து, அதிலிருந்தே இணைப்பை எடுத்துத் திறந்தேன். பக்கம் உடனே வந்துவிட்டது. அறிவித்தலைவிட அதைச் சுற்றியிருந்த அலங்காரம்தான் கனமாக இருந்திருக்கிறது.

அறிவித்தல் ஒரு பிடிஎஃப். இணைப்பை அழுத்தினேன். திரை முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை. நடுவில் வாசிக்க முடிந்தது இலக்கங்கள் மட்டும். அதில் ஒன்று கடைசித் தேதி, இன்னும் மூன்று நாள். என்ன தகைமை, என்ன ஆவணம், எங்கே அனுப்புவது, எதுவும் தெரியாது. தேதி மட்டும் பளிச்சென்று தெரியும்!

குப்பையை உற்றுப் பார்த்தால் ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது: ஜே, கே, பி, ஓ, பிறகு ஒரு அரைப்புள்ளி. இலங்கையில் தமிழ் தட்டச்சு படித்தவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் உள்ளே பதிவாவது அதுதான். பாமினிக்காரர் அடிப்பது கணினியைப் பொறுத்தவரை ஆங்கில எழுத்துதான். அதன் மேல் தமிழ் முகமூடி போடுவது மட்டும்தான் எழுத்துருவின் வேலை. இந்தக் கோப்புக்குள் எழுத்துருவைப் பொதிந்தும் வைக்கவில்லை. ஆகவே வேறு எந்த பிடிஎஃப் செயலியில் திறந்தாலும் என் மெசினில் அதே குப்பைதான். டவுனுக்குப் போய் கொமியூனிகேஷன் கடையில் கொடுத்தால் அங்கே பாமினி இருக்கும், அச்சடித்துத் தருவார்கள். ஆனால் அன்றைக்கு ரோட்டில் மண் சரிந்திருந்தது. இரத்தினபுரி மழை தெரியும்தானே.

இந்த இடத்தில்தான் ஒரு 30 வருசத்துப் பழைய விசயம் கைகொடுத்தது.

எழுத்து உலாவிக்குத் தானாக ஒரு பிடிஎஃப்பைத் திறக்கத் தெரியாது. பாட்டும் படமும் வேர்ட் கோப்பும் தெரியாது. தெரியாததை அது வெளி நிரல்களிடம் கொடுத்துவிடும். யாரிடம் எதைக் கொடுப்பது என்பது 'மெயில்கேப்' என்ற சின்ன எழுத்துக் கோப்பில் இருக்கும். பெயர் சொல்வதுபோல இது முதலில் மின்னஞ்சலுக்காக வந்தது. மைம் தரத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான நதானியேல் பொரன்ஸ்டைன் 1993இல் ஆர்.எஃப்.சி. 1524 என்ற ஆவணத்தில் இதை எழுதிவைத்தார். 1992இல் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்த லின்க்ஸ் உலாவியும், ஜப்பானியரான அகினோரி இட்டோ எழுதிய டபிள்யூ-த்ரீ-எம்மும் இன்றைக்கும் அந்தக் கோப்பைத்தான் வாசிக்கின்றன.

ஒரு வரி இப்படி இருக்கும். முதலில் கோப்பு வகையின் பெயர், பிறகு அரைப்புள்ளி, பிறகு ஓட்ட வேண்டிய கட்டளை. கட்டளைக்குள் கோப்பின் பெயர் வரவேண்டிய இடத்தில் சதவீதக் குறியும் எஸ் எழுத்தும். கடைசியில் 'கோப்பியஸ்-அவுட்புட்' என்று சேர்த்தால், அந்தக் கட்டளை கக்கும் எழுத்தை உலாவி தன் திரையிலேயே ஒரு பக்கமாகக் காட்டும். மேலிருந்து கீழாகப் பார்த்து முதலில் பொருந்துகிற வரியை எடுத்துக்கொள்ளும். அவ்வளவுதான் இலக்கணம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: கோப்பின் வால் பெயரை அது முதலில் பார்ப்பதில்லை, சேர்வர் 'இது இன்ன வகை' என்று சொல்வதைத்தான் நம்பும். சேர்வர் பொய் சொன்னால் உங்கள் வரி எவ்வளவு சரியாக இருந்தாலும் வேலை செய்யாது. நான் இதில் ஒரு முழு இரவைத் தொலைத்திருக்கிறேன்.

என் வரியில் இருந்தது பிடிஎஃப்-டு-டெக்ஸ்ட் என்ற நிரல். அதை எடுத்துவிட்டு, நானே எழுதிய ஒரு சின்ன ஸ்கிரிப்டின் பெயரைப் போட்டேன். அது முதலில் பிடிஎஃப்-ஃபொன்ட்ஸ் என்ற நிரலை ஓட்டி, கோப்பில் என்ன எழுத்துரு என்று கேட்கும். பாமினி என்று பதில் வந்தால் எழுத்தைப் பிரித்து யூனிகோடுக்கு மாற்றும். எழுத்துருவே இல்லையென்றால் அது ஸ்கேன் செய்த படம். அப்போது பக்கங்களைப் படமாக்கி டெசராக்ட்டிடம் கொடுக்கும், அதற்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். கொஞ்சம் ஆறுதலாகத்தான் வாசிக்கும்.

பாமினியை மாற்றுவது ஓர் எழுத்துக்கு ஓர் எழுத்து என்று நினைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். பாமினியில் கொம்பு முதலில் வரும், மெய் பிறகு வரும், கண்ணில் தெரியும் வரிசைப்படி. யூனிகோடில் மெய்தான் முதலில். 'கொ' என்பது பாமினியில் என், எஃப், எச் என்று மூன்று எழுத்து. அதை முழுசாக முதலில் மாற்ற வேண்டும், பிறகுதான் 'கெ', பிறகுதான் தனி 'க'. நீளமான விதிகள் மேலே, குட்டையானவை கீழே. வரிசை மாறினால் கொழும்பு கொழும்பாக வராது.

இதையெல்லாம் எழுதும்போது எனக்குப் பெருமையைவிட எரிச்சல்தான் கூட. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1991இல் யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் வந்துவிட்டது. விண்டோஸ் 2000இலேயே லதா எழுத்துரு வந்துவிட்டது. இன்னும் ஏன் ஒரு தமிழ் அறிவித்தலைப் படிக்க எனக்கு ஸ்கிரிப்ட் எழுத வேண்டியிருக்கிறது? பாமினியில் அடித்தவரைத் திட்டவில்லை. அவருக்குப் பழகிய விசை அதுதான். பாமினி விசையமைப்பிலேயே அடித்து யூனிகோடாகச் சேமிக்க வழி இருக்கிறதே, அதை அவருக்குக் காட்டிக்கொடுக்காத மேலிடத்தைத்தான் திட்டுகிறேன். தேடினால் கிடைக்காத, சத்தமாக வாசிக்கும் செயலிக்குப் புரியாத, குப்பையாக வந்து விழுகிற ஒன்றைத் தமிழில் வெளியிட்டதாகக் கணக்குக் காட்டுவது நியாயமில்லை.

"லயத்துப் பிள்ளைக்கு டெர்மினல் எதுக்குடா, ஃபோன் போதும்" என்று நண்பன் ஒருவன் சொன்னான். பாதி சரி. டெர்மினலில் தமிழே ஒழுங்காகத் தெரியாது, கொம்பும் காலும் திசைக்கொன்றாக நிற்கும். கொன்சோல் பரவாயில்லை, பழைய எக்ஸ்-டெர்ம் கண்ணைக் கெடுக்கும். எல்லாரும் இதற்கு வரவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு கோப்பை எதால் திறப்பது என்பதை முடிவெடுக்கிற இடம் ஒன்று இருக்கிறது, அதை நாமே திருத்தலாம் என்பது ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். நாலு லயத்துக்கு ஒருவர் போதும். ஃபோனிலும் டெர்மக்ஸ் போட்டால் இதே உலாவியும் இதே கோப்பும் ஓடும். பிடிஎஃப் வரியில் டெர்மக்ஸ்-ஓப்பன் என்று எழுதிவிட்டால் ஃபோனில் இருக்கிற செயலியே திறந்துகொள்ளும்.

அன்றைக்கு ராத்திரி ஒன்பது மணிபோல அறிவித்தல் தமிழாக வந்தது. தகைமை எல்லாம் அவளுக்குச் சரி. ஒன்று மட்டும் இடித்தது. எழுத்தைப் பிரித்தெடுக்கும்போது எந்த எழுத்துரு எங்கே என்ற தகவல் போய்விடும். அதனால் அறிவித்தலில் உண்மையாகவே ஆங்கிலத்தில் இருந்த மின்னஞ்சல் முகவரியையும் ஸ்கிரிப்ட் 'தமிழாக்கி' இருந்தது. 'இன்ஃபோ' என்று தொடங்கவேண்டியது, தனியாக நிற்கிற ஐகாரக் குறி, ஒரு கெ, ஒரு ழ என்று நின்றது. பாமினி விசைப்பலகைப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக அவள் வாசிக்க, நான் திருப்பி எழுதினேன்.