துறைகள் உண்டு, துறை இல்லை

கயாக் என்பது ஒருவர் உட்கார்ந்து, இரு பக்கமும் தட்டையுள்ள துடுப்பால் வலித்துச் செல்லும் ஒடுங்கிய படகு. பனிப்பிரதேசத்து இனுயிட் மக்கள் சட்டத்தின் மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்திச் செய்த வேட்டைப் படகு அது. மூங்கில் கூடைக்கு மாட்டுத்தோல் போர்த்திய நமது பரிசலுக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம். இன்று இரண்டுமே தோலை விட்டு பிளாஸ்டிக்குக்கும் ஃபைபருக்கும் மாறிவிட்டன. பரிசல் பிழைப்புக்காக ஓடுகிறது, கயாக் பெரும்பாலும் பொழுதுபோக்காக ஓடுகிறது என்பதுதான் மீதமிருக்கும் வித்தியாசம்.

கயாக்கில் ஒரு நாள் பயணம் போக விரும்புகிறவர் முதலில் மூன்று கேள்விகளுக்குப் பதில் கண்டுபிடிக்க வேண்டும். எங்கே இறங்குவது, எங்கே ஏறுவது, இடையில் எது வழிமறிக்கும்? தண்ணீரின் ஆழம், வேகம், வானிலை எல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த மூன்று கேள்விகளை பங்காருபேட்டையில் நின்றுகொண்டு கேட்டால் டீக்கடையில் சிரிப்பார்கள். ‘எந்த ஆறு சார்?’ என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஆறு இருக்கிறது. அதன் பெயர் பாலாறு.

நந்தி மலைப் பகுதியில் பிறந்து, கர்நாடகத்தில் 93 கி.மீ., ஆந்திரத்தில் 33 கி.மீ., தமிழ்நாட்டில் 222 கி.மீ. என்று மொத்தம் 348 கி.மீ. ஓடி, கல்பாக்கத்துக்குத் தெற்கே வாயலூர் அருகில் கடலில் சேர்கிறது பாலாறு. கோலார் தங்கவயலுக்குக் கிழக்கே பேத்தமங்கலத்தில் அது ஒரு பெரிய ஏரியாக விரிகிறது. கல்வெட்டுகளில் விஜயாதித்தமங்கலம் என்று பெயர் பெற்ற பழைய ஊர் அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தங்கச் சுரங்கங்களுக்கும் சுரங்கக் குடியிருப்புகளுக்கும் இந்த ஏரியிலிருந்துதான் குழாய் வழியே தண்ணீர் போனது.

இதில் யாரும் அதிகம் பேசாத ஒரு விஷயம் உண்டு. சுரங்கத்தில் இறங்கிய தொழிலாளர்களில் பெரும் பகுதியினர் வடஆற்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து வந்தவர்கள், பெரும்பாலோர் தலித்துகள். வடஆற்காடு என்பது பாலாற்றின் நாடு. அதாவது ஆற்றின் கீழ்ப்பகுதியில் நிலமில்லாமல் வாழ்ந்தவர்கள், அதே ஆற்றின் மேல்பகுதிக்கு ரயிலேறி வந்து, அதே தண்ணீரைக் குழாயில் பிடித்துக் குடித்தார்கள். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் விடிவதற்கு முன் ரயில் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். பாலாறு அவர்களுக்கு ஒரு பாலத்தின் பெயர்ப்பலகை மட்டுமே.

கயாக்கர்கள் பயன்படுத்தும் ‘ஆக்ஸஸ் பாயிண்ட்’ என்ற சொல்லைத் தமிழாக்க வேண்டி வந்தால் ‘அணுகுமிடம்’ என்று எழுதிவிட்டுத் தப்பிக்கலாம். ஆனால் தமிழுக்கு இதற்காக ஒரு சொல்லை உருவாக்க வேண்டிய தேவையே இல்லை. துறை என்ற சொல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இருக்கிறது. மனிதர்கள் தண்ணீருக்குள் இறங்கும் இடம், ஏறும் இடம். நீராடும் துறை, வண்ணார் துறை, தோணித்துறை, படித்துறை. ஊர்ப்பெயர்களிலும் துறை ஒட்டிக்கொண்டிருக்கிறது. சங்கப் பாடல்களை வகைப்படுத்தியவர்கள்கூடத் திணைக்கு அடுத்தபடியாகத் துறை என்றே பிரித்தார்கள். கவிதைக்குள் இறங்கவும் ஒரு துறை வேண்டியிருந்தது போலும்.

இன்று அந்தச் சொல்லுக்கு அலுவலகம் என்று பொருள். பொதுப்பணித் துறை, நீர்வளத் துறை, வருவாய்த் துறை, கனிமவளத் துறை. பாலாற்றுக்கு மூன்று மாநிலங்களிலும் இத்தனை துறைகள் இருக்கின்றன. கால் வைத்து இறங்க ஒரு துறைதான் இல்லை.

சரி, வேடிக்கைக்காகவாவது ஒரு பயணத் திட்டம் போட்டுப் பார்ப்போம்.

முதலில் காலம். கயாக் மிதக்க ஒரு சாண் ஆழம் போதும். ஆனால் அந்த ஒரு சாண் பாலாற்றில் வருஷத்தின் பெரும் பகுதி கிடையாது. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்து, ஏரிகள் நிரம்பி வழியும் நவம்பர், டிசம்பர் வாரங்கள்தான் வாய்ப்பு. மற்ற மாதங்களில் பாலாறு மணலுக்கு அடியில் ஓடுகிற ஆறு. ஊற்றுக்கால் வெட்டி அந்த அடிநீரைப் பாசனத்துக்கு எடுத்தவர்கள் நம் முன்னோர்கள். மணலை அள்ளிய பிறகு அந்த ஊற்றும் போயிற்று.

அடுத்து இடம். கோலார் பகுதியில் பாலாற்றை ஒரே நீளக் கோடாக நினைத்தால் ஏமாந்துபோவோம். அது ஏரிகளைக் கோத்த சரடு. ஒரு ஏரி நிரம்பினால்தான் கலிங்கு வழியாக அடுத்த ஏரிக்குத் தண்ணீர். எனவே இங்கே ஆற்றுப் பயணம் இல்லை, ஏரிப் பயணம்தான். பேத்தமங்கலத்தில் இறங்கி, ஏரியைக் கடந்து, கரையில் ஏறி, படகைத் தோளில் வைத்து நடந்து, ராமசாகரம் ஏரியில் மறுபடி இறங்கலாம். படகின் எடை இருபது கிலோவாவது இருக்கும். மிதப்பதைவிட நடப்பதே அதிகம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கலிங்கையோ தடுப்பணையையோ படகில் தாண்ட ஒருபோதும் முயலக்கூடாது. நான்கைந்து அடி உயரத்தில் அமைதியாக வழியும் தண்ணீர் மேலிருந்து பார்க்க அழகாகத்தான் இருக்கும். கீழே விழுந்த நீர் மேலே சுருண்டு, தடுப்பை நோக்கியே திரும்பிப் பாயும். அந்தச் சுழலில் சிக்கிய படகையும் ஆளையும் அது வெளியே விடாது. உள்ளே இழுத்து, மேலே தள்ளி, மீண்டும் உள்ளே இழுக்கும். நீச்சல் தெரிந்தவரும் தப்புவது கடினம். உலகெங்கும் அனுபவமுள்ள படகோட்டிகள் பெரிய அருவியைவிட இந்தச் சின்ன அணைக்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். மழைக்காலத்தில் கலிங்கில் குளிக்க இறங்கும் இளைஞர்கள் பலருக்கு இது தெரியாது. சொல்லும் பலகையைக் காண்பதும் அபூர்வம்.

ஆந்திரத்துக்குள் நுழைந்தால் குப்பம் பகுதியில் 33 கி.மீ. தூரத்துக்குள் இருபதுக்கும் மேற்பட்ட தடுப்பணைகள். கடைசியாக, தமிழக எல்லையில் புல்லூர். அங்கே 5 அடியாக இருந்த தடுப்பணை 2016-இல் 12 அடியாக உயர்த்தப்பட்டது. 1892-இல் சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தைச் சுட்டிக்காட்டித் தமிழ்நாடு இன்றும் வாதிடுகிறது. வழக்கு நீதிமன்றத்தில், தண்ணீர் தடுப்பணையில், படகு தோளில்.

புல்லூரைத் தாண்டி வாணியம்பாடி, ஆம்பூர். இங்கே கேள்வி ஆழத்தைப் பற்றியது அல்ல. கயாக் கவிழும். கவிழ்ந்தால் தண்ணீர் வாய்க்குள் போகும். தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்த ஆற்றில் அதற்கு யார் தயார்? வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புதான், மாசுபடுத்தியவரே இழப்பைத் தர வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் உறுதியாக ஊன்றியது. சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கும் தீர்ப்பு. 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மீண்டும் இழப்பீடு பற்றியும் மேற்பார்வைக் குழு பற்றியும் உத்தரவிட வேண்டியிருந்தது. இடையில் ஓடியவை 28 ஆண்டுகள்.

பிறகு பள்ளிகொண்டா, வேலூர், ராணிப்பேட்டை. வாலாஜா அருகே காவேரிப்பாக்கம் ஏரிக்குத் தண்ணீரைத் திருப்பிவிடும் பழைய அணைக்கட்டு. அதற்கும் கீழே செய்யாறும் வேகவதியும் வந்து சேரும் திருமுக்கூடல். கடைசியாக வாயலூர் முகத்துவாரம். வரைபடத்தில் விரல் வைத்துப் போக எத்தனை அழகான பயணம்!

‘ஓடாத ஆற்றுக்கு ஓடம் எதற்கு?’ என்று கேட்பவர்கள் இரண்டு தேதிகளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1903 நவம்பரில் மேலே மைசூர் சமஸ்தானத்து ஏரிகள் உடைந்து, பாலாற்றில் வந்த வெள்ளம் வாணியம்பாடியில் பெரும் உயிர்ச்சேதத்தை ஏற்படுத்தியது. 2021 நவம்பரில் வாலாஜா அணைக்கட்டை வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் தாண்டியது. ஆற்றையே பார்த்திராத ஒரு தலைமுறை பாலங்களில் கூட்டம் கூட்டமாக நின்று செல்போனில் படம் பிடித்தது. அவர்களில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்?

வேடிக்கைத் திட்டம் வேடிக்கையாக இல்லாமல் போகும் இடம் இதுதான். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி இந்தியாவில் அண்மை ஆண்டுகளில் நீரில் மூழ்கி இறப்பவர்கள் ஆண்டுக்கு 35,000-க்கும் மேல். வற்றிய ஊர்களில் பிள்ளைகள் தண்ணீரோடு பழகாமல் வளர்கிறார்கள். பத்து வருஷத்துக்கு ஒருமுறை ஏரி நிரம்பும்போது ஆர்வத்தோடு ஓடுகிறார்கள். மண் எடுத்த பள்ளம் எங்கே இருக்கிறது, சேறு எங்கே இழுக்கும் என்று சொல்ல, தினமும் அந்தக் கரையில் நிற்கும் ஆள் யாருமில்லை. துறை இருந்த காலத்தில் அதைச் சொல்ல வண்ணாரும் மீனவரும் ஓடக்காரரும் இருந்தார்கள்.

மழைக்காலத்து ஆற்றை மழைக்காலத்திலேயே பயன்படுத்த முடியும் என்பதற்கு அண்டை மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. கோழிக்கோடு மாவட்டத்தின் சாலிப்புழா, இருவஞ்ஞிப்புழா ஆறுகளில் 2013 முதல் மலபார் நதித் திருவிழா என்ற பெயரில் கயாக் போட்டி நடக்கிறது. பருவமழை உச்சத்தில், வெளிநாட்டு வீரர்களும் வருகிறார்கள். எங்கே இறங்குவது, எங்கே ஏறுவது, எங்கே மீட்பு ஆள் நிற்பது என்பதெல்லாம் முன்கூட்டியே தீர்மானிக்கப்படுகிறது.

கோலாருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பெங்களூரின் கழிவுநீரை இரண்டாம் கட்டம் வரை சுத்திகரித்து, கோலார் மாவட்டத்து ஏரிகளை நிரப்பும் கோரமங்கலா-செல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டம் 2018-இல் தொடங்கியது. நிலத்தடி நீரை உயர்த்துவதே அதன் நோக்கம். குடிக்கவோ குளிக்கவோ அல்ல. மூன்றாம் கட்டச் சுத்திகரிப்பு வேண்டும் என்று விவசாயிகளும் ஆர்வலர்களும் கேட்டு வருகிறார்கள். நிரம்பிய ஏரியைப் பார்ப்பது சந்தோஷம்தான். ஆனால் கையை நனைக்கலாமா என்று சந்தேகப்பட வேண்டிய ஏரி அரை ஏரிதான்.

ஆறு யாருடையது என்பதில் சட்டத்துக்குக் குழப்பமில்லை. 1996 டிசம்பரில், பியாஸ் நதியோரத்து ஒரு விடுதி தொடர்பான கமல்நாத் வழக்கில், ஆறும் கரையும் மக்களின் பொதுச் சொத்து, அரசு அதன் அறங்காவலர் மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும் எவரும் ஏரியிலும் ஆற்றிலும் இறங்கலாம் என்ற உரிமையையே எழுதிவைத்தது. நமக்கு அறங்காவலர் இருக்கிறார், கோயில் சாவிதான் காணோம்.

நம் நாட்டில் தண்ணீருக்குள் இறங்கும் உரிமை விளையாட்டுச் சமாசாரமாக என்றும் இருந்ததில்லை. 1927 மார்ச் 20-இல் மகாத் நகரின் சவுதார் குளத்தில் அம்பேத்கர் இறங்கி ஒரு கை நீர் அள்ளியது, பொதுத் துறையில் கால் வைக்கும் உரிமைக்காகத்தான். தங்கவயலின் பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே நாளை யாராவது பேத்தமங்கலம் ஏரியில் படகுக்குழாம் தொடங்கி, வேலி போட்டு, தலைக்கு ஐந்நூறு ரூபாய் டிக்கெட் வைத்தால் அதைத் துறை என்று ஒப்புக்கொள்ள முடியாது. மீன் குத்தகைக்காரரும் மாடு மேய்ப்பவரும் பள்ளிப் பிள்ளையும் படகுக்காரரும் ஒரே படியில் இறங்கினால்தான் அது துறை.

செலவு அதிகமில்லை. ஏரிக்கு ஒரு படித்துறை. ஆழம் காட்டும் அளவுகோல் ஒன்று. கலிங்குக்கு முன்னால் கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றிலும் ஓர் எச்சரிக்கைப் பலகை. நீரின் தரத்தை மாதம் ஒருமுறை சோதித்து எழுதிவைக்க ஒரு கரும்பலகை. சில உயிர்காப்பு மேலங்கிகள், பஞ்சாயத்தில் நீச்சல் தெரிந்த இருவருக்குச் சம்பளம். கயாக் பிறகு வரட்டும். வராவிட்டாலும் பாதகமில்லை.

மூன்று மாநிலங்களின் துறைகள் கூடி பாலாற்றைப் பற்றிப் பேசும்போது வழக்கமாக முன்னால் இருப்பது டி.எம்.சி. கணக்கு. அடுத்த கூட்டத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளலாம். 348 கி.மீ. நீளத்தில், ஒரு பத்து வயதுப் பிள்ளை பயமில்லாமல் கால் நனைக்கக்கூடிய இடங்கள் எத்தனை? அவற்றை ஒரு வரைபடத்தில் குறித்துக் கொடுத்தால், அதுவே அந்த ஆற்றின் நிலைமை அறிக்கை.