வரதட்சணை வேண்டாம் என்று வரும் வரன்

நான் பணியில் இருந்த காலத்தில் ஒருநாள், மைசூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் ஒரு பெண் தமிழில், "அண்ணா, இந்த வண்டி எங்கே போகுது?" என்று கேட்டாள். கழுத்தில் புது மஞ்சள் கயிறு. வயது 15 கூட இருக்காது. புருஷன் ஊர் எது என்றேன், தெரியாது என்றாள். அதற்குள் 40 வயதுக்காரர் ஒருவர் வந்து, "என் சம்சாரம்தான் சார்" என்று சொல்லிக் கூட்டிப் போய்விட்டார். தாலி இருக்கிறதே என்று நானும் என் வேலையைப் பார்க்கப் போனேன். இன்றுவரை உறுத்துகிறது.

தாலியைக் கண்டால் நாம் வாய் திறக்க மாட்டோம் என்பது ஆள் கடத்துகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். வரதட்சணை வேண்டாம், செலவும் எங்களுடையது என்று சொல்லி, வட கர்நாடகத்து ஏழைப் பெண்களைக் குஜராத், ராஜஸ்தான் பக்கம் கொண்டுபோவது பழைய கதை. 1991-ல் ஹைதராபாத்திலிருந்து டெல்லி சென்ற விமானத்தில், முதிய சவூதிக்காரர் ஒருவரின் 'மனைவி'யாக அழுதுகொண்டிருந்த சிறுமி தப்பியது, ஒரு விமானப் பணிப்பெண் அருகில் போய் விசாரித்ததால்தான்.

சட்டம் இல்லாமல் இல்லை. சேஷாத்ரி ஐயர் திவானாக இருந்தபோதே, 1894-ல், மைசூர் சமஸ்தானம் 8 வயதுக்குட்பட்ட பெண்ணின் கல்யாணத்தையும், 50 வயதைத் தாண்டியவர் 14 வயதுக்குட்பட்டவளைக் கட்டுவதையும் தடுத்தது. 2006-ம் வருடத்துச் சட்டத்தின் 12-ம் பிரிவுப்படி, விலைக்கு வாங்கியோ பலவந்தமாகவோ சிறுமிக்கு நடத்திய கல்யாணம் செல்லவே செல்லாது. மற்ற குழந்தைத் திருமணங்களை ரத்து செய்ய, தமிழ்நாட்டில் அந்தப் பெண்ணே 20 வயது முடிவதற்குள் கோர்ட்டுக்குப் போகவேண்டும். கர்நாடகத்திலோ 2017-ல் வந்த திருத்தத்துக்குப் பின் நடந்தவை எல்லாமே செல்லாது. அதே வருடம் சுப்ரீம் கோர்ட்டும் மற்ற மாநிலங்கள் இதைப் பின்பற்றலாம் என்றது. அதனால் கல்யாணத்தை எல்லை தாண்டி நடத்திக்கொள்ளலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். குற்றம் இரண்டு பக்கமும் குற்றமே. வயது வந்த பெண்ணைக் கடத்திக் கட்டாயக் கல்யாணம் செய்தாலும், 2024 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 87-ம் பிரிவில் 10 வருடம் வரை சிறை. ஆனால் ஆள் கடத்தலுக்கான 143-ம் பிரிவில் கல்யாணம் என்ற சொல்லே இல்லை. 'குடும்ப விஷயம்' என்று புகாரைத் தள்ளிவிட இது வசதியாகிவிடுகிறது என்பது என் எண்ணம்.

நம் இதழிலும் 'மணமகள் தேவை' வருகிறது. வயதுச் சான்று பார்க்காமல் ஒரு வரியும் போடக்கூடாது. தரகர் சொல்லும் ஊருக்கு ஒருவர் நேரில் போய்வர வேண்டும் (பாலத்தைப் பார்க்காமல் நாங்கள் கையெழுத்துப் போடுவதில்லை). பெண்ணைத் தனியாக உட்காரவைத்து, சம்மதமா என்று அவள் பாஷையில் கேட்க வேண்டும். சந்தேகம் வந்தால் 1098 இருக்கிறது. நம் ஊரிலேயே ஒடநாடி நிறுவனம் இருக்கிறது. அடுத்த செயற்குழுவில் இதைத் தீர்மானமாகவே கொண்டுவர இருக்கிறேன். ஆதரிப்பவர்கள் அன்று வந்து கை தூக்குங்கள்.