சுவரில் ஒரு பாயிண்ட், தரையில் ஆறு: தோட்ட வீடுகளில் நிரந்தரமாகிவிட்ட எக்ஸ்டென்ஷன்

ஈப்போ - வீடு தீப்பிடித்தால் மறுநாள் செய்தியில் பெரும்பாலும் ஒரே சொல்தான் வரும்: 'மின்கசிவு'. அந்தச் சொல்லோடு செய்தியும் முடிந்துவிடும். எந்தக் கம்பி சூடானது, அந்தக் கம்பி அங்கே ஏன் கிடந்தது என்ற அடுத்த கேள்வியை யாரும் கேட்பதில்லை.

பேராக் மாநிலத்தின் பழைய தோட்டக் குடியிருப்புகளிலும் ஈப்போவின் மலிவு விலை அடுக்குமாடி வீடுகளிலும் அந்தக் கேள்விக்கான பதில் கண்ணெதிரே கிடக்கிறது. டிவிக்குப் பின்னால், சாமி மேடைக்கு அடியில், பாய்க்குக் கீழே, சில வீடுகளில் ஜன்னல் வழியாகக் கொல்லைப்புறம் வரை. எக்ஸ்டென்ஷன் என்பது தற்காலிகத் தேவைக்குச் செய்யப்பட்ட பொருள். நம் வீடுகளில் அது பத்து ஆண்டாக ஒரே இடத்தில் இருக்கிறது.

இதை வெறும் அலட்சியம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அந்த வீடுகள் எப்படிக் கட்டப்பட்டன என்பதையும் பார்க்க வேண்டும். பேராக் ஆற்றில் செண்டரோ அணை 1930இல் மின்சாரம் தரத் தொடங்கியது. அந்த மின்சாரம் போனது கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்கு. அதே மாநிலத்தின் ரப்பர் தோட்ட லயங்களில் வெகுகாலம் மண்ணெண்ணெய் விளக்குதான். பிறகு பல தோட்டங்களில் நிர்வாகமே ஜெனரேட்டர் வைத்தது. மாலையில் போடுவார்கள், இரவில் குறிப்பிட்ட நேரத்தில் நிறுத்திவிடுவார்கள். நாள் முழுதும் மின்சாரம் வந்தது அதற்கும் பிறகு. அப்படி வந்தபோது வீட்டுக்குத் தேவையாகத் தெரிந்தது சில விளக்கு, ஒரு காற்றாடி, ஒரு டிவி. ஒன்றிரண்டு பிளக் பாயிண்ட் போதும் என்று கணக்குப் போட்டார்கள். இன்று அதே வீட்டில் குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், ரைஸ் குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி, வைஃபை, நான்கைந்து கைத்தொலைபேசிகள். சுவரில் பாயிண்ட் கூடவில்லை. அந்த வேலையை எக்ஸ்டென்ஷன் செய்கிறது.

செய்தியில் வரும் 'மின்கசிவு' என்ற சொல் இங்கே ஓர் ஆபத்தான நம்பிக்கையையும் வளர்த்துவிட்டது. கசிவு என்றால் ஆர்.சி.சி.பி. தானாக விழுந்துவிடும், அதனால் பயமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆர்.சி.சி.பி. உண்மையில் கவனிப்பது மின்சாரம் வழிதவறி நிலத்துக்கோ மனித உடம்புக்கோ போகிறதா என்பதைத்தான். எக்ஸ்டென்ஷன் எரிவதற்கு மின்சாரம் வழிதவற வேண்டியதில்லை. சரியான பாதையிலேயே அளவுக்கு மீறி ஓடினால் போதும்.

ஒரு காலை நேரத்தை எடுத்துக்கொள்வோம். ஒரே எக்ஸ்டென்ஷனில் 2,000 வாட் கெட்டில், 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி, 700 வாட் ரைஸ் குக்கர். மொத்தம் 3,700 வாட். 230 வோல்ட்டில் அது ஏறக்குறைய 16 ஆம்பியர். பிளக்கில் இருப்பது 13 ஆம்பியர் ஃபியூஸ்தானே, அறுந்துவிடாதா? உடனே அறுந்துவிடாது. 13 ஆம்பியர் ஃபியூஸ் 20 ஆம்பியர் அளவைக்கூட நெடுநேரம் தாங்கும். சுவர் பாயிண்ட்டுக்குப் பின்னால் இருக்கும் எம்.சி.பி. பொதுவாக 20 அல்லது 32 ஆம்பியர், அதுவும் விழாது. கசிவு இல்லாததால் ஆர்.சி.சி.பி.க்கும் வேலையில்லை. மூன்று காவலாளிகளும் சும்மா இருக்கிறார்கள். கம்பி மட்டும் சூடாகிறது.

எவ்வளவு சூடு என்பது கம்பியின் தடிமனைப் பொறுத்தது. 13 ஆம்பியருக்கு உள்ளே இருக்கும் செம்பு குறைந்தது 1.25 சதுர மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மலிவான எக்ஸ்டென்ஷன்களில் 0.75 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டு விற்பதுண்டு. அது 6 ஆம்பியருக்கானது. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். 6 ஆம்பியர் கம்பியில் 16 ஆம்பியர் ஓடினால் சூடு ஏழு மடங்கு. அந்தக் கம்பி பாய்க்கு அடியிலோ சுருட்டிக் கட்டியபடியோ இருந்தால் சூடு வெளியேற வழியும் இல்லை. மேலுறை மெல்ல இறுகி, வெடித்து, ஒரு நாள் உருகும். மரச் சுவரும் பலகைத் தரையும் உள்ள லயத்து வீட்டில் அதற்குப் பிறகு நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்தடுத்த வீடுகள் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன.

இது பழைய வீடுகளின் பிரச்சினை மட்டும் இல்லை. 2022 நவம்பர் 24 அன்று சீனாவின் உரும்சி நகரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம் தீப்பிடித்து 10 பேர் இறந்தனர். 15ஆவது மாடி வீட்டின் படுக்கையறையில் இருந்த எக்ஸ்டென்ஷனில் தீ தொடங்கியதாக முதற்கட்ட விசாரணைக்குப் பின் அதிகாரிகள் தெரிவித்தனர்.

இன்னொரு பழக்கம் நம் நாட்டில் எல்லா இனத்தாரிடமும் உண்டு. இரண்டு முள் பிளக்கை மூன்று துளை சாக்கெட்டில் நுழைக்க, மேல் துளையில் பேனாவையோ குச்சியையோ விட்டு நெம்புவது. கீழ்த் துளைகளின் மூடியைத் திறப்பதற்காகத்தான் எர்த் முள் நீளமாக வைக்கப்பட்டிருக்கிறது. பேனாவால் ஏமாற்றி நுழைத்த பிளக் சரியாகப் பொருந்தாது. தளர்ந்த இடத்தில் பொறி பறக்கும், சாக்கெட் கருகும். அந்த வகை பிளக்கில் பெரும்பாலும் ஃபியூஸும் கிடையாது.

மலேசியாவில் பிளக், சாக்கெட், எக்ஸ்டென்ஷன் போன்றவற்றை விற்க 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகளின்படி எரிசக்தி ஆணையத்தின் அங்கீகாரம் வேண்டும். அதற்கு அடையாளம் சிரிம் முத்திரை. ஆனால் பசார் மாலாமிலும் இணையக் கடைகளிலும் முத்திரையில்லாத சரக்கைப் பார்ப்பது அரிதல்ல. நாள் கூலி வாங்குகிறவர் விலையைப் பார்த்துத்தான் வாங்குவார். அவரைக் குறை சொல்வதைவிட, அந்தச் சரக்கு அங்கே எப்படி வந்தது என்று அமலாக்கத் தரப்பைக் கேட்பதே நியாயம்.

அடுத்த கேள்வி, சுவரில் பாயிண்ட் கூட்டுவது யார் பொறுப்பு? மீட்டர் வரை தெனாகா நேஷனல் பார்த்துக்கொள்ளும். மீட்டருக்கு அப்பால் உள்ள வயரிங் பயனீட்டாளரின் பொறுப்பு. இன்னும் இயங்கும் தோட்டங்களில் வேலை செய்வோருக்குச் சட்டம் கைகொடுக்கிறது. தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் பற்றிய 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம், போதுமான மின்சார வசதி தந்து வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருக்கும் கடமையை முதலாளியிடம் வைக்கிறது. 2019இல் அது திருத்தப்பட்டு விரிவாக்கப்பட்டது. கருகிய சாக்கெட்டைப் படம் எடுத்து, நிர்வாகத்துக்கு எழுத்துபூர்வமாகப் புகார் கொடுத்து, பதில் வராவிட்டால் ஆள்பல இலாகாவுக்குப் போகலாம்.

சிக்கல் மற்றவர்களுக்குத்தான். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, நிலம் கைமாறி, வேலை முடிந்த பிறகும் அதே லயத்தில் தங்கியிருக்கும் குடும்பங்களுக்கு முதலாளி என்று ஒருவர் இல்லை. வீடும் அவர்கள் பெயரில் இல்லை. எந்த நாளும் காலி செய்யச் சொல்லலாம் என்ற நிலையில் இருப்பவர் கைக்காசு போட்டு வயரிங் மாற்றுவாரா? மாற்ற நினைத்தாலும் நில உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் வேலையைத் தொடங்குவது எளிதல்ல. ஆக, வருமானம் குறைந்த, கூரை பழைய வீட்டில்தான் எக்ஸ்டென்ஷன் மிக அதிகமாக வேலை செய்கிறது. பெருநாள் காலத்தில் தோட்டப்புறங்களுக்கு உணவுக் கூடையோடு வரும் மக்கள் பிரதிநிதிகள் ஒரு வயர்மேனையும் கூட்டி வந்தால் நல்லது. இரண்டு வேளைச் சமையலைவிட இரண்டு புதிய பாயிண்ட் நீண்ட நாள் நிற்கும்.

வயர்மேன் என்றால் எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். புதிய வயரிங் முடிந்ததும் ஜி, எச் என்ற இரண்டு பாரங்களில் அவர் கையெழுத்திட்டுத் தர வேண்டும். ஒன்று வேலை முடிந்ததற்கு, மற்றது சோதித்ததற்கு. 'தெரிந்த பையன்' செய்யும் வேலையில் இந்தக் காகிதம் வராது.

அதுவரை வீட்டில் செய்ய முடிந்தவை சில உண்டு. சூடு உண்டாக்கும் சாதனங்களான கெட்டில், இஸ்திரிப் பெட்டி, இண்டக்ஷன் அடுப்பு, ஏர் ஃபிரையர் ஆகியவற்றை நேராகச் சுவர் பாயிண்ட்டில் போட வேண்டும், அதுவும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான். குளிர்சாதனப் பெட்டிக்கும் சலவை இயந்திரத்துக்கும் சுவர் பாயிண்ட்டில்தான் முதல் உரிமை. எக்ஸ்டென்ஷனை டிவி, வைஃபை, கைத்தொலைபேசி சார்ஜர், சாமி மேடையின் சின்ன விளக்குகளோடு நிறுத்திக்கொள்ளலாம். ஓர் எக்ஸ்டென்ஷனில் இன்னொன்றைச் சொருகக் கூடாது. அறுந்த ஃபியூஸுக்குப் பதிலாக வெள்ளித்தாள் சுற்றுவது தீக்குச்சியை உள்ளே வைத்து மூடுவதற்குச் சமம். அரை மணி நேரம் பயன்படுத்திய பிறகு பிளக்கின் மேல்பாகத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, கை வைக்க முடியாத சூடு இருந்தால் சுவிட்சை அணைத்துவிட்டு அந்த எக்ஸ்டென்ஷனைத் தூக்கிப் போட வேண்டும். மீன் கெட்டது போன்ற வாடை, பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தாலும் அப்படித்தான். தீ தெரிந்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. எட்டினால் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, பக்கத்து வீட்டாரையும் எழுப்பிக்கொண்டு வெளியே வந்து 999ஐ அழைக்க வேண்டும்.