ஒப்பாரிக் கோச்சிக்கு நூதனசாலையில் இடமுண்டா?

கடுகண்ணாவைப் புகையிரத நிலையத்தை அடுத்துள்ள தேசியப் புகையிரத நூதனசாலையை அண்மையில் நாம் பார்வையிட்டோம். 2009ஆம் ஆண்டிலே கொழும்பு மருதானையில், 1865ஆம் ஆண்டுக் காலத்துப் பழைய முடிவு நிலையக் கட்டடத்தில் தொடங்கப்பெற்றது இது. நாட்டின் முதற் புகையிரதம் அம்பேபுசைக்கு ஓடி 150 ஆண்டு நிறைந்த 2014 டிசம்பர் 27இல் இம்மலைக்கு இடம் மாறியது. இடத்தெரிவு மெச்சத்தக்கதே. றம்புக்கணையிலிருந்து வரும் பாதை ஏறக்குறைய 45 அடிக்கு ஓரடி வீதம் ஏறுகிறது. முன்னே ஓர் எஞ்சின் இழுக்க, பின்னே ஓர் எஞ்சின் தள்ள, நீராவி யுகத்து வண்டிகள் மூச்சிரைக்க ஏறிய மலை இது. அந்த இரும்பு யானைகளை நம் பிள்ளைகள் கண்டு மகிழட்டும், நாமும் மகிழ்ந்தோம்.

ஆயின், எஞ்சினுக்கு நூதனசாலை கட்டிய அரசை நாம் கேட்பது ஒன்றுண்டு: அந்த வண்டியில் ஏற்றப்பட்ட மனிதன் எங்கே?

“இரும்புக்கு அரசியல் ஏது? இங்கும் இனப்பேச்சா?” என்று சீறுவோர் உளர். அவர்கள் கடுகண்ணாவையில் நிற்கும் டோசன் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கட்டும். கண்டி வீதியமைத்த வெள்ளைக் கப்டனுக்கு 1832இல் எழுந்த நினைவுச் சின்னம் அது. அக்காலத்து வீதிகளுக்காக இராசகாரியம் என்ற பேரால் கூலியின்றி மலை குடைந்த கண்டிச் சிங்களக் குடியானவன் பெயரை எந்தக் கல்லிலே பொறித்தார்கள்? அவனுக்காகவும் சேர்த்தே நாம் வழக்காடுகிறோம். இது இனப்பேச்சானால் நியாயப் பேச்சு எது?

இப்பாதை கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்கப் பிறந்தது; பின்னர் தேயிலையைச் சுமந்தது. அவ்விரண்டையும் விளைவித்தவன் தென்னிந்தியத் தமிழன். ஆதியில் மன்னார்க் கரையிலிறங்கி மாத்தளைவரை காட்டுவழியே நடந்தான். பாதையோரத்திலேயே புதையுண்டோர் பலர். 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பற்சேவை தொடங்கியபின் அவனைப் புகையிரதம் ஏற்றி வந்தது. அவனிடமிருந்த அடையாளம் ஒரு தகரத் துண்டு. அதிலே தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும் உண்டு, பெயர் இல்லை.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவன் சந்ததியிற் பல லட்சம் பேரை நாடற்றோராக்கியது. 1964 அக்டோபர் 30இல் ஸ்ரீமாவோ அம்மையாரும் சாஸ்திரியாரும் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்ப்போம் என்று பங்கிட்டனர். சந்தையிலே மாடு பங்கிடுவோரும் மாட்டின் பல்லையாவது பார்ப்பர். இவர்களோ அம்மக்களின் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டாரில்லை. அழைத்து வந்த அதே தண்டவாளம் அவர்களைத் தலைமன்னார் இறங்குதுறைக்குத் திருப்பிக் கொண்டுபோயிற்று. நிலையந்தோறும் எழுந்த அழுகையால் அவ்வண்டிக்கு மலைநாட்டார் இட்ட பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. இங்கு எஞ்சியோரின் நாடற்ற நிலையை நீக்கும் 35ஆம் இலக்கச் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் பிறந்தது. 55 ஆண்டு!

வடக்கிலும் சிலர், யாழ்தேவி 1956இல் ஓடத் தொடங்கிய கதையைச் சுவையாகச் சொல்வர். 1990இல் வடபாதை நின்றதையும் 2014இல் யாழ்ப்பாணத்துக்கு வண்டி மீண்டதையும் கண்ணீர் மல்கச் சொல்வர். மதவாச்சியிற் பிரிந்து தலைமன்னார் போன வண்டியோ அவர்கட்கு யாரோ ஏறிய வண்டி! இந்த மனப்பான்மைக்கும் கொழும்பின் மறதிக்கும் தூரம் அதிகமில்லை.

நீதிமன்றிலே சான்றுப் பொருளை மேசைமீது வைத்த பிறகே வாதம் நடக்கும். ஆகவே நாம் கேட்பது திட்டமானது. கடுகண்ணாவையில் ஒரு முழு அறை: தகரத் துண்டும், 1948ஆம் ஆண்டுச் சட்டமும், 1964ஆம் ஆண்டு ஒப்பந்தமும், ஏறியவர்களின் வாக்குமூலமும் மும்மொழியிலும் அங்கே வேண்டும். 2015 மார்ச்சில் மீண்டும் வண்டி ஓடத் தொடங்கிய தலைமன்னாரில், இறங்குதுறையருகே அவ்வூருக்கென ஒரு சிறு நூதனசாலை வேண்டும்.

அரசு தரும்வரை கைகட்டி நிற்கவேண்டியதில்லை. 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் மலையிலிருந்து வந்து வன்னி மண்ணைத் திருத்திய உழவர்களே, உங்கள் தகரப் பெட்டிகளின் அடியிற் கிடக்கும் கடவுச்சீட்டையும் பிரஜாவுரிமை மனுவின் பிரதியையும் கறையான் தின்ன விடாதீர்கள். சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் ஊரூராகச் சென்று முதியோர் சொல்வதைச் சத்தியக் கடதாசியாக எழுதி வாங்கட்டும். ஏறிய நிலையம், ஆண்டு, உடன் சென்றோர் பெயர், பின்தங்கியோர் பெயர்: இந்நான்கும் தவறாமற் பதியப்படல் வேண்டும். ஒரு பிரதி புகையிரதத் திணைக்களத்துக்குப் பதிவுத் தபாலிற் செல்லட்டும்.