மணப்பாட்டுக்கு பைக்ல போயிட்டு வந்தா போதுமா?

கடைசிப் பரீட்சைக்கு முன்னாடியே வாட்ஸ்அப் குரூப்ல சண்டை ஆரம்பிச்சிடும். கொடைக்கானலா, மூணாறா, கோவாவா? எல்லார் பாக்கெட்டையும் கூட்டிப் பார்த்த பிறகு ஒருத்தன் சொல்லுவான்: "விடு மக்கா, காலையில மணப்பாடு போயிட்டு சாயங்காலம் வந்துரலாம்."

அந்த "சாயங்காலம் வந்துரலாம்" மேலதான் எனக்குக் கோபம்.

நானும் அப்படித்தான் போனேன். தூத்துக்குடியில இருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர். ஆறு பேர், மூணு பைக். கோயில் குன்று மேல ரீல்ஸ், கலங்கரை விளக்கம் பக்கத்துல குரூப் போட்டோ. ஒரு பழைய வீட்டுத் திண்ணையில பனையோலைப் பெட்டி முடைஞ்சிட்டிருந்த பாட்டியை, கேக்காமலே படம் எடுத்தோம். அவங்க நிமிர்ந்து பார்த்து, "படம் எடுத்தாச்சுல்லா? பெட்டி ஒண்ணும் வேண்டாமாய்யா?"ன்னாங்க. சிரிச்சிட்டே வண்டியை எடுத்துட்டோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது உறைச்சது.

அது 'வியூ பாயின்ட்' இல்லீங்க, ஊர். 1542-ல முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கினதாச் சொல்ற குகை அங்க இருக்கு. திருச்சிலுவைக் கோயில் 1581-ல கட்டினது. கொழும்போட வியாபாரம் பண்ணின பரதவர் குடும்பங்களோட உசந்த தூண் வச்ச வீடுகள் தெருத் தெருவா நிக்குது. 'நீர்ப்பறவை', 'கடல்' படங்கள்ல நாம பார்த்ததும் இந்தக் கரையைத்தான். சினிமாக்காரங்க கிளம்பிட்டாங்க. ஊர்க்காரங்க இருக்காங்க.

இங்கிலாந்துல லேக்காக்னு ஒரு பழைய கிராமம். ஹாரி பாட்டர் அங்கேயும் எடுத்தாங்க. 1944-ல இருந்து அந்தக் கிராமத்துல பெரும்பகுதி நேஷனல் டிரஸ்ட் கையில. வீடுகள்ல இன்னிக்கும் வாடகைக்குக் குடும்பங்கள் இருக்கு, பழைய சத்திரத்துல நீங்க ராத்திரி தங்கலாம். இன்னொரு கிராமம் பைபரி. சில நூறு பேர் வாழ்ற ஊருக்குள்ள பஸ் பஸ்ஸா ஆள் இறங்கி, செல்ஃபி எடுத்துட்டு ஏறிடுறாங்க, ஊர்க்காரங்க புலம்புறாங்க. நாம மணப்பாட்டுக்குப் பண்றது ரெண்டாவது வகை.

"தங்குன்னு சொல்றியே, எங்கலே தங்க?" நியாயமான கேள்விதான். இப்போதைக்கு 18 கிலோமீட்டர்ல இருக்கிற திருச்செந்தூர்ல ரூம் போட்டுட்டு, ரெண்டு நாளும் விடியக்காலையில மணப்பாட்டுல நிக்கிறதுதான் வழி. முகூர்த்த நாள், கந்த சஷ்டி, குலசை தசரா சமயத்துல ரூம் கிடைக்கும்னு கனவு காணாதீங்க. செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருவிழாவை ஒட்டி மணப்பாடே நிரம்பி வழியும். அது பார்க்க வேண்டிய கூட்டம், ஆனா அமைதி தேடிப் போறவங்களுக்கு இல்ல.

என் கேள்வி வேற. அந்தப் பழைய வீடுகள்ல பல, சொந்தக்காரங்க வெளியூர் போனதால பூட்டிக் கிடக்கு. உப்புக் காத்துல மரமும் இரும்பும் எத்தனை நாள் தாங்கும்னு சிவில் பசங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. அதுல நாலு வீட்டையாவது அந்தக் குடும்பங்களே ரிப்பேர் பார்த்து, ரெண்டு ரூமை வாடகைக்கு விட்டா என்ன? மீன் குழம்பு பக்கத்து வீட்டு அக்கா வைக்கட்டும், காசு அந்தத் தெருவுலயே நிக்கட்டும். இதை ஊர்தான் முடிவு பண்ணணும். வேண்டாம்னு சொன்னாலும் அது அவங்க உரிமை. ஆனா சீக்கிரம் பேசியாகணும். பக்கத்துல குலசேகரப்பட்டினத்துல 2024 பிப்ரவரியில ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியாச்சு. கடலைப் பார்த்த இடத்துக்கு இனி வெளியூர்க் காசு வரும். ரிசார்ட் மதில் எழும்பின பிறகு பேசி என்ன பிரயோஜனம்?

ரூம் திறக்கிற வரைக்கும் நம்ம பங்குக்கு இவ்வளவு செய்யலாம். கோயில்ல பூசை நடக்கும்போது ட்ரோன் பறக்க விடாதீங்க. ஆளைப் படம் எடுக்கணும்னா கேளுங்க. தண்ணி பாட்டிலைத் திருப்பி எடுத்துட்டு வாங்க. போட்டுகள் கரைக்கு வர்றதைப் பார்க்கணும்னா ஞாயித்துக்கிழமை வேண்டாம். அன்னிக்குக் கடலுக்குப் போகமாட்டாங்க. திரும்பி வர்ற வழியில உடன்குடியில கருப்பட்டி வாங்கிக்கோங்க.

நான் இந்த லீவுல மறுபடி போறேன். முதல்ல அந்தத் திண்ணைக்கு. பெட்டி என்ன விலைன்னு கேக்கணும்.